நாலாயிரத்தைத் தாண்டாத முள்

கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் பகல் வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்து பேசிய ஒரே இடம் ஒரு காரின் முன் சீட்டு. அதுவும் அந்தக் கார் கெட்டுப்போயிருந்த புண்ணியத்தால் கிடைத்தது. அது ஒழுங்காக ஓடியிருந்தால் அவர் பட்டறையிலும் நான் அடுப்படியிலுமாக அந்த மாதங்கள் போயிருக்கும். இதைச் சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். அவளுக்கென்ன, அறைக்கு அறை கதவும் கதவுக்குத் தாழ்ப்பாளும் உள்ள வீட்டில் குடித்தனம் நடத்துகிறாள்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் நெல்வயலும் வாழைத்தோப்பும் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். பத்தாவது முடித்து ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு, ஓர் ஆவணி மாதத்தில் கோயமுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பீளமேட்டில் மாமனாருக்கு மோட்டார் பம்பு செய்யும் பட்டறை இருந்தது. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில். இரும்பு உருக்குகிற வாடை சமையலறை வரைக்கும் வரும்.

வீட்டில் எந்நேரமும் ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்திருப்பார்கள். கட்டிய மனைவியிடம் பகலில் நின்று பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நான் மோர்ச் செம்போடு எதிரிலேயே நிற்பேன். அவர் தன் அம்மாவை, அதாவது என் அத்தையைப் பார்த்து, “மோர் குடுக்கச் சொல்லுங்கம்மா” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன தூணா? இரவில் எங்களுக்கென்று ஓர் அறை உண்டுதான். ஆனால் அறை வாசலில் அத்தையின் கட்டில், அதற்கு அடுத்தாற்போல் மாமனாரின் இருமல். வாயைத் திறந்தால் வீடு முழுக்கக் கேட்கும்.

கார் கதைக்கு வருகிறேன். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. எங்கள் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் வீட்டுக்காரர் அதை வாங்கியிருந்தார். அப்போதே பழைய வண்டி. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, பாசி நிறம், தரையோடு தரையாகத் தாழ்ந்து ஓடும். “ஒரு குடும்பம் ஏற முடியாத வண்டி என்ன வண்டி?” என்று மாமனார் ஒருமுறை கேட்டுவிட்டு அதன் பக்கம் திரும்புவதை விட்டுவிட்டார். என் வீட்டுக்காரருக்கோ அதன்மேல் கொள்ளை ஆசை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைவிட, அந்த வண்டியைத் துடைக்கும்போது இருந்த சந்தோஷம் கொஞ்சம் கூடுதல் என்றே எனக்குப் பட்டது. பிற்பாடு அதை அவரிடமே கேட்டும் விட்டேன். சிரித்தார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பட்டறை முழுக்கச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். லேத்து, டிரில்லு, தராசு, வாட்ச்மேனின் சைக்கிள் என்று எதையும் விடவில்லை. அத்தை தன் கையாலேயே காருக்கும் வைத்தார். முன்னால் ஒன்று, ஸ்டியரிங்கில் ஒன்று, பின்னால் பளபளவென்று இருந்த பெட்ரோல் மூடியில் ஒன்று. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் வண்டிக்கு நோய் வந்தது. ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. அவினாசி ரோட்டில் ஏறி, மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் போனால், எஞ்சின் சுற்றைக் காட்டுகிற முள் நாலாயிரத்தை நெருங்கும்போது மூச்சு முட்டும். எவ்வளவு மிதித்தாலும் மேலே ஏறாது. இரண்டு தரம் இருமும், வேகம் தானாகக் குறையும். நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

“ஊரு கண்ணெல்லாம் பட்டுப்போச்சு. எத்தன பேரு நின்னு பாக்கறாங்க” என்றார் அத்தை. அதோடு விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் குளித்து முழுகி, வீட்டு நிலைக்கு வைக்கிற சந்தனத்திலேயே காருக்கும் வைக்க ஆரம்பித்தார். நோய் தீராமல் இருக்க இருக்கப் பொட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

இதில் என் தலையெழுத்து எங்கே மாட்டிக்கொண்டது என்றால், அவர் ஜெர்மனிக்குப் போக வேண்டியிருந்தது. மோட்டார் செய்வதில் இரண்டு வருடப் பயிற்சி. கல்யாணத்துக்கு முன்பே முடிவான ஏற்பாடு. பம்பாயில் கப்பல் ஏற வேண்டும். என்னைக் கூட்டிப்போவதாக யாரும் பேசவே இல்லை. எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை. கல்யாணமாகி ஒரு தீபாவளிகூடச் சேர்ந்து முழுசாகக் கொண்டாடவில்லை, அதற்குள் இரண்டு வருடமா என்று குளிக்கிற அறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவேன்.

ஆனால் மாமனாருக்கு ஒரு குணம் உண்டு. பட்டறையில் வார்ப்பில் சின்னதாக ஒரு பொத்தல் தெரிந்தாலும், அது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்காமல் அடுத்த வார்ப்புக்கு அச்சு மண் அடிக்க விடமாட்டார். குறையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவன் அந்தப் பட்டறையில் இருக்க முடியாது. மகனுக்கும் அதே சட்டம்.

“ஊட்டு வாசல்ல நிக்கற வண்டில இருக்கற கொறையக் கண்டுபுடிக்க முடியாதவன் அங்க போயி என்னத்தப் படிச்சுக்கிட்டு வருவான்?” என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். “அத மொதல்ல சரி பண்ணு. கப்பலு இன்னொண்ணு வரும். ஆனா ஒண்ணு, வண்டி சரியாச்சுன்னா அடுத்த வாரமே கெளம்பிப்போடோணும்.”

இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் கை நின்றுபோனது. அன்றிலிருந்து வண்டி கெட்டுக் கிடக்கும்வரை அவர் இங்கே இருப்பார், சரியானால் போய்விடுவார். எனக்கு அவ்வளவுதான் கணக்கு. அந்த வண்டி சரியாகவே கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை.

வேகமாக ஓட்டும்போது முள்ளைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். அவர் ரோட்டைப் பார்ப்பாரா, முள்ளைப் பார்ப்பாரா? முதலில் பட்டறை ஃபிட்டரை உட்கார வைத்தார். அந்த மனிதர் நீலாம்பூர் தாண்டியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுவிட்டார். முள் எங்கே நின்றது என்று கேட்டால், “சாமி சத்தியமா பாக்கலீங்க” என்றாராம். திரும்பி வந்து வாசலில் நின்று, “எனக்குப் பொண்டு புள்ளைக இருக்குதுங்க. வேற என்ன சோலி வேணும்னாலும் குடுங்க, செஞ்சுபோடறேன். இதுல மட்டும் ஏத்தாதீங்க” என்று கும்பிட்டார். மற்ற ஆட்களை வேலையைப் போட்டுவிட்டு வரச் சொல்ல முடியாது. தை மாதத்துக்குக் கொடுக்க வேண்டிய பம்புகள் பாதியில் கிடந்தன.

அத்தைதான் வழி சொன்னார். “அவ பத்தாவது படிச்சவதான? அவளக் கூட்டிட்டுப் போ. முள்ளப் பாக்கறதுக்கு என்ன பெரிய படிப்பு வேணுங்குது? பொழுதோட ஊட்டுக்கு வந்துபோடோணும், ஆமா.”

அத்தை அதை யோசிக்காமல் சொன்னாரா, யோசித்துத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் முந்தானையைத் தலையோடு சேர்த்து முடிந்துகொண்டு போய் உட்கார்ந்தேன்.

கூரையில்லாத வண்டியில் காற்று இரைகிற இரைச்சலில் கத்தினாலும் காதில் விழாது. முதல் நாள் நான் “மூவாயிரத்து ஐநூறு” என்று தொண்டை கிழியக் கத்தியது அவருக்கு என்னவோ வீட்டுக்குத் திரும்பச் சொல்வதாகப் பட்டு வண்டியை நிறுத்திவிட்டார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ரோட்டைப் பார்த்தபடியே, காது சிவக்கச் சொன்னார்: “எங்கையில தட்டு. இரண்டாயிரத்துக்கு மேல ஐநூறு ஐநூறுக்கு ஒரு தட்டு. நான் மிதிச்சுட்டு இருக்கறப்பவே முள்ளு எறங்குச்சுன்னா அழுத்திப் புடிச்சுக்க.”

பட்டப் பகலில், புளியமரங்கள் இரண்டு பக்கமும் நிற்கிற பெரிய ரோட்டில், பொதி வண்டிக்காரர்கள் பார்க்கப் பார்க்க, நான் என் வீட்டுக்காரர் முழங்கைக்குக் கீழே விரலால் தட்டிக்கொண்டு போனேன். ஒரு தட்டு, இன்னொரு தட்டு, இன்னொன்று. நாலாயிரம் வருகிற சமயத்தில் எஞ்சின் இருமும், முள் இறங்கும், நான் அவர் கையை அழுத்திப் பிடிப்பேன். அவருக்கு முகம் வாடும். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

இப்படித்தான் கார்த்திகையும் மார்கழியும் போயின. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முதலில் பிளக்கை மாற்றினார். பிறகு பாயிண்ட், கண்டன்சர், காயில். எதை மாற்றினாலும் அன்றைக்கு முதல் சில மைல் பிரமாதமாக ஓடும். “அம்மணி, கண்டுபுடிச்சுட்டேன்” என்பார். கருமத்தம்பட்டி மாதா கோயில் கோபுரம் தெரிகிற இடத்துக்கு வரும்போது இருமிவிடும். ஒருநாள் மூச்சு முட்டிய உடனே எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி எனக்குக் காட்டினார். நுனி வெளுத்திருந்தது. “பெட்ரோல் பத்தல. நெருப்புல கொறை இல்ல, பெட்ரோல்தான் வேணுங்கற அளவுக்கு வந்து சேர மாட்டேங்குது” என்றார்.

அதன் பிறகு பெட்ரோல் வருகிற வழியெல்லாம் சுத்தம் நடந்தது. இரண்டு கார்புரேட்டரையும் பிரித்துத் தாம்பாளத்தில் பரப்பி வைத்துக் கழுவினார். குழாய்களை ஊதினார். பம்பைத் திறந்து தேய்த்தார். பம்பு சூடாகிறதோ என்று அதன்மேல் ஈரத் துணி சுற்றிக்கொண்டு ஓட்டினோம். டாங்கியைக் காலி செய்து அலசியபோது இரண்டு விரல் அளவுக்குத் துருதான் வந்தது. அன்றைக்கு ரொம்ப நம்பிக்கையோடு கிளம்பினார். அன்றைக்கும் அதே இடத்தில் இருமியது.

வண்டி நின்றதும் ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒதுக்குவோம். அந்த வண்டியில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற முள் வெள்ளைக்காரர் காலத்திலேயே செத்துப்போயிருந்தது. அதனால் நிறுத்தியதும் அவர் செய்கிற முதல் வேலை, பின்னால் போய் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பது. பார்த்துவிட்டு வந்து உட்காருவார். எஞ்சின் ஆறும்வரை பேசுவோம். எங்கோ வீடுகளுக்குள் தறி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

என்ன பேசினோம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. அவருக்குச் சின்ன வயதில் இருட்டென்றால் பயமாம். எங்கள் ஊர் வாய்க்காலில் நான் நீச்சல் பழகியதைச் சொன்னேன். நம்பவில்லை, சத்தியம் செய்யச் சொன்னார். ரசத்தில் நான் பூண்டு அதிகம் தட்டிப்போடுவது அவருக்குப் பிடித்திருந்ததாம். வீட்டில் சொன்னால் அத்தை வருத்தப்படுவார் என்று சொல்லாமல் இருந்தாராம். ஒருநாள் ஜெர்மனியில் பனி கொட்டும் என்றார். “அங்க ரசம் யாரு வெச்சுக் குடுப்பாங்க?” என்றேன். அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அதற்காகத்தான் காலையிலிருந்து காத்துக் கிடப்பேன். மத்தியானச் சோறு இறங்காது.

மார்கழி முடியும்போது அவர் நொந்துபோனார். பட்டறையில் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. ஃபிட்டர் வண்டியைக் கடந்து போகும்போது வேண்டுமென்றே இருமிக்கொண்டு போவார். ஒருநாள் புளியமரத்தடியில், “நான் இதுக்கெல்லாம் லாயக்கு இல்ல போல இருக்குது. அப்பா செலவு பண்ணி அனுப்பறது வீண்தான்” என்றார். அப்படி அவர் பேசி நான் கேட்டதில்லை. நான் கும்பிட்டது இதற்கா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

தை பிறந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை. கடலை எண்ணெய் டின் புதிதாக வந்திருந்தது. மூடி பற்றவைத்த தகர டின். நான் ஆணியும் சுத்தியலும் எடுத்து மூலையில் ஓர் ஓட்டை போட்டு, தூக்குப் போசியில் சாய்த்தேன். எண்ணெய் கொஞ்சம் வந்தது, நின்றது, குடக்கென்று ஒரு மிடறு வந்தது, மறுபடி நின்றது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சந்தனம் உரைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன கண்ணு, இது கூடத் தெரியாதா? அக்கட்ட மூலைல இன்னொரு ஓட்ட போடு. உள்ள காத்துப் போனாத்தான எண்ணெய் வெளிய வரும்” என்றார். சொல்லிவிட்டுச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கார் நிற்கிற பக்கம் போனார்.

நான் சுத்தியலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். காரின் பெட்ரோல் மூடி நடுவில் ஓர் ஊசி முனை ஓட்டை இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஆயுத பூஜையன்று தட்டைப் பிடித்துக்கொண்டு போனபோது, பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல் நடுவில் குழி இருக்கிறதே என்று நினைத்தேன். அத்தையின் மோதிர விரல் சரியாக அங்கேதான் இறங்கும். வண்டி மெதுவாகப் போனால் கொஞ்சம் பெட்ரோல் போதும். வேகமாக இழுக்கும்போது உள்ளே காற்றுப் போக வழியில்லை. பிறகு இவர் குச்சி விட மூடியைத் திறப்பார், காற்றுப் போகும், வண்டி பிழைத்துக்கொள்ளும். இவரும் ஆறியதால் சரியானது என்று நினைத்துக்கொள்வார்.

எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். அத்தை கண்ணை மூடி என்னவோ வேண்டிக்கொண்டு, மூடியில் நல்ல பெரிய பொட்டாக அப்பிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஓட்டை போட்டேன். எண்ணெய் ஒரே சீராகப் போசியில் விழுந்தது. சொன்னால் அடுத்த வாரம் போய்விடுவார். சொல்லாவிட்டால் தான் லாயக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டே இங்கே இருப்பார். அப்படி இருக்கிறவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மேலும் எனக்கு வாயில் எதுவும் நிற்காது; என் அம்மா அதற்காகவே என்னை எத்தனையோ முறை வைதிருக்கிறாள்.

அன்று மத்தியானம் வழக்கம்போல் கிளம்பினோம். வழக்கமான இடத்தில் இருமியது. மரத்தடியில் நிறுத்தி அவர் குச்சியை எடுத்தார்.

“ஏனுங்க, மூடிய மெதுவாத் திருகுங்க. காதப் பக்கத்துல வெச்சுக் கேளுங்க” என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திருகினார். உஸ்ஸென்று டாங்கி மூச்சை உள்ளே இழுத்தது. அவர் அசையாமல் குனிந்தபடியே இருந்தார். பிறகு மூடியைத் திருப்பிப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எண்ணெய் டின் விஷயத்தைச் சொன்னேன். அவர் ரோட்டோரத்தில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சிரித்து முடித்து, “அம்மாவுக்கு இது தெரியக்கூடாது” என்றார். எனக்கும் அதுதான் பட்டது. கடல் தாண்டிப் போகப்போகிற பிள்ளைக்குத் தன் கைச் சந்தனமே தடை போட்டது என்று தெரிந்தால், அந்த அம்மாள் ஆயுசுக்கும் நிம்மதியாகத் தூங்கமாட்டார். என் முந்தானையில் இருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். உள்பக்கத்திலிருந்து ஓட்டையைக் குத்திவிட்டார். அடுத்த நாளே பட்டறையில் மூடியின் ஓரத்தில், பொட்டு படாத இடமாகப் பார்த்து, இன்னொரு ஓட்டை போட்டுவிட்டார். அத்தையின் சந்தனம் கடைசிவரை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஊக்கால் குத்திய கையோடு மறுபடி கிளம்பினோம். கருமத்தம்பட்டி போனது தெரியவில்லை. நான் தட்டிக்கொண்டே வந்தேன். நாலாயிரம். நாலாயிரத்து ஐநூறு. ஐயாயிரம். முள் அதற்கும் மேலே போயிற்று. எஞ்சின் சத்தம் அதற்குமுன் நான் கேட்டிராத சத்தமாக மாறியது. அவர் முகம் பூரித்துப் போயிருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தவர் கண்ணில் தூசு விழுந்துவிட்டதா என்று சைகையில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவினாசிக் கோயில் கோபுரம் தெரியும்வரை அப்படியே போய்த் திரும்பினோம். இனிமேல் பார்க்க வேண்டிய முள் இல்லை என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாசியில் அவர் கப்பல் ஏறினார். இரண்டு வருடம் கழித்து நல்லபடியாக வந்து சேர்ந்தார். வரும்போது அந்த வண்டி இல்லை. மாமனார் யாருக்கோ கொடுத்துவிட்டார். பட்டறை பெரிதானது, பிள்ளைகள் பிறந்தார்கள், டிரைவர் வைத்த பெரிய கார் வந்தது. அவர் டிரைவர் பக்கத்தில், நான் பிள்ளைகளோடு பின்னால். இதே ரோட்டில் எத்தனை முறை போயிருப்போம்! கருமத்தம்பட்டி வரும்போதெல்லாம் அவர் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே வருவேன், ஒருமுறை திரும்புவாரா என்று. நல்ல மனிதர், ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் என்மேல் ஆசை என்று வாய் திறந்து சொல்லத் தெரியாத மனிதர். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அந்தக் கார்த்திகை, மார்கழியை யாராவது திருப்பிக் கொடுத்தால், அதற்குப் பிறகு வந்த அத்தனை சௌகரியத்தையும் கொடுத்துவிடுவேன். இந்த வயதில் இப்படிப் பேசுவது பிள்ளைகளுக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

நான் சொல்ல வந்தது, அவினாசி வரைக்கும் போய்வந்த அந்த நாளுக்கு மறுநாள் நடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்தது. மாமனார் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் நின்று, இப்போது சொல்லப் போகிறார், வண்டி சரியாகிவிட்டது என்று இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். மனசைக் கல்லாக்கிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

“நேத்து நீ வர்றப்ப சத்தத்தக் கேட்டேன். வண்டி தேறிட்டாப்பல இருந்துச்சே?” என்று மாமனார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். பம்பு ஒழுகினால் ஒழுகுகிறது என்று வாங்க வந்தவரிடமே சொல்லிவிடுகிற ஆள் என் வீட்டுக்காரர். அப்பாவிடம் பொய் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

“இல்லீங்கப்பா” என்றார். “நாலாயிரத்துலயே நிக்குதுங்க. இன்னும் பாக்கோணுங்க.”

மாமனார் பேப்பரைத் தாழ்த்தி மகனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டு, “பாரு, பாரு” என்றார். அத்தை வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, “அப்ப அவளக் கூட்டிட்டுப் போ. வெய்யில் எறங்கறதுக்குள்ள வந்துருங்க” என்றார்.

அன்றைக்கு அவர் வண்டியை ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்தால் ஃபிட்டர்கூடத் தைரியமாக ஏறி உட்கார்ந்திருப்பார். பஞ்சுப் பொதி ஏற்றிய லாரியெல்லாம் எங்களைத் தாண்டிப் போனது. இரைச்சல் இல்லாததால் பேசினால் நன்றாகக் கேட்டது. நீலாம்பூர் தாண்டும்வரைதான் பொறுத்தேன். எனக்குத்தான் வாயில் நிற்காதே.

“ஏனுங்க, அப்பாகிட்டப் பொய்யி சொல்லிப்போட்டீங்களே” என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னிடம் அனுமதி கேட்பவர்போல மெதுவாகச் சொன்னார்: “இன்னும் கொஞ்ச நாளு உங்கூட இருந்துட்டுப் போறனே, அம்மணி.”

“இருங்க” என்றேன். எத்தனையோ வருடம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் மூச்சு மெலிந்துகொண்டே வந்தபோது, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அதே ஒரு வார்த்தைதான் வந்தது.